மார்க் ஏன் குறைஞ்சுது?

(தலித் மாணவர்களுக்கான இரண்டு நாள் பயிற்சி முகாமில் பேசியது. பேச்சு நடை அதிகம் மாற்றப்படாமல் எழுத்தாக்கப்பட்டுள்ளது.)



எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு ‘மாணவர் மனநலமும் தேர்ச்சியும்’. இந்தத் தலைப்பில் பேச ஊரெல்லாம் ஆள் இருக்கு. பரீட்சைக்கு முந்தி ஒவ்வொரு காலேஜிலும் ஒருத்தரைக் கூப்பிட்டுவந்து மேடையில் ஏத்துறாங்க. மூச்சை இழுத்து விடு, நேரத்தைத் திட்டமிடு, நல்லதையே நினை, செல்போனைத் தள்ளி வை. இதெல்லாம் கெடுதல் கிடையாது, செய்யலாம். ஆனா அந்த ஒரு மணி நேரப் பேச்சில் சாதி என்ற சொல் ஒரு தடவைகூட வராது. உதவித்தொகை ஏன் எட்டு மாதமாக வரவில்லை என்ற பேச்சு வராது. இன்டர்னல் மார்க் யார் கையில் இருக்கு என்ற கேள்வி வராது. மனசு என்பது அந்தரத்தில் தொங்குகிற பொருள் மாதிரியும், அதற்குக் கீழே ஊரும் இல்லை சேரியும் இல்லை என்பது மாதிரியும் பேசிவிட்டு, பொன்னாடை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

நாம் அந்த மனசைத் தரைக்கு இறக்கிப் பேசுவோம்.

2023 பிப்ரவரி 12 அன்று மும்பை ஐ.ஐ.டி.யில் தர்ஷன் சோலங்கி என்ற தலித் மாணவர் இறந்துபோனார். அகமதாபாத்துப் பையன். கெமிக்கல் இன்ஜினியரிங் முதலாமாண்டு. அப்பா பிளம்பர் வேலை செய்கிறவர். குடும்பம் சாதிப் பாகுபாடு என்று சொன்னது. நிறுவனம் ஒரு விசாரணைக் குழு போட்டது. நேரடியான சாதிப் பாகுபாட்டுக்குக் குறிப்பான ஆதாரம் இல்லை, படிப்பில் அவர் பின்தங்கியது அவரைக் கடுமையாகப் பாதித்திருக்கலாம் என்று அந்தக் குழு சொன்னது. குடும்பம் அதை ஏற்கவில்லை. அந்த வழக்குக்குள்ளே நான் இப்போ போகல. அந்த அறிக்கையில் இருக்கிற தர்க்கத்தைப் பத்தி மட்டும் பேசுறேன். ஏன்னா அது மும்பையோடு நிற்கிற தர்க்கம் இல்லை. உங்க காலேஜ் பிரின்சிபால் ரூமிலும் அதுதான் உட்கார்ந்திருக்கு.

தர்க்கம் இவ்வளவுதான்: மார்க் குறைந்தது, மனசு உடைந்தது, பையன் போய்விட்டான். கோப்பு மூடப்பட்டது.

மார்க் ஏன் குறைஞ்சுதுன்னு கேக்கணுமா வேண்டாமா? நாட்டிலேயே கஷ்டமான நுழைவுத் தேர்வு என்று இவர்களே பீற்றிக்கொள்கிற ஒன்றைத் தாண்டி உள்ளே வந்த பிள்ளை, வந்த சில மாதத்தில் எப்படிப் பின்தங்கினான்? அவன் மூளை ரயில்ல வரும்போது வழியில விழுந்துடுச்சா? மார்க் குறைந்ததை அவர்கள் காரணமாக எழுதுகிறார்கள். அது விளைவு. எதன் விளைவு என்று தேடப் போனால் நிறுவனத்தின் வாசலில் போய் நிற்க வேண்டிவரும். அதனால் தேடுவதில்லை.

இது ஒரு பையனோட கதை இல்லை. 2014 முதல் 2021 வரை ஐ.ஐ.டி., ஐ.ஐ.எம்., மத்தியப் பல்கலைக்கழகம் போன்ற மத்திய அரசு நிறுவனங்களில் 122 மாணவர்கள் தன் உயிரைப் போக்கிக்கொண்டார்கள் என்று கல்வி அமைச்சரே 2021 டிசம்பரில் மக்களவையில் சொன்னார். அதில் 24 பேர் பட்டியல் சாதி, 3 பேர் பழங்குடி, 41 பேர் இதர பிற்பட்டோர். கூட்டிப் பாருங்க, 68. பாதிக்கு மேலே. 2023 டிசம்பரில் இன்னொரு கணக்கு நாடாளுமன்றத்தில் வந்தது. ஐந்தாண்டில் இதே மாதிரி நிறுவனங்களிலிருந்து படிப்பைப் பாதியில் விட்ட எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. மாணவர்கள் 13,500க்கும் மேலே. வேறு படிப்புக்கு, வேறு இடத்துக்குப் போனவர்களும் அதில் உண்டு என்று அரசு சமாதானம் சொன்னது. சரி, உண்டு. எல்லாரும் அப்படித்தான் போனாங்களா என்பதுதான் நம் கேள்வி.

இந்த 13,500 என்ற எண்ணை மனசில வச்சுக்கங்க. திரும்ப அதுக்கு வருவேன்.

மார்க் எப்படிக் குறைகிறது என்று இப்போ பார்ப்போம். உத்தரப்பிரதேசக் கிராமங்களில் ஒரு சோதனை நடந்தது. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரண்டு பொருளியல் அறிஞர்கள் செய்து 2004இல் வெளியிட்டது. ஆறாம், ஏழாம் வகுப்புப் பையன்கள் 642 பேர். பாதிப் பேர் ஆதிக்க சாதி, பாதிப் பேர் ஒடுக்கப்பட்ட சாதி. காகிதத்தில் வழி கண்டுபிடிக்கிற புதிர் கொடுத்தார்கள். ஒவ்வொரு புதிருக்கும் காசு உண்டு. யார் சாதியையும் சொல்லாமல் புதிர் போடவிட்டபோது இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒன்றாகவே போட்டார்கள். வேறு குழுக்களில், தொடங்குவதற்கு முந்தி ஒவ்வொரு பையனின் பெயர், ஊர், அப்பன் பெயர், பாட்டன் பெயர், சாதி எல்லாவற்றையும் எல்லார் முன்னாலும் சத்தமாக வாசித்தார்கள். அங்கே நம்ம பிள்ளைங்க போட்ட எண்ணிக்கை கணிசமாக விழுந்தது. அதே வயசு, அதே புதிர், அதே காசு. சாதியை வாசித்தது ஒன்றுதான் கூடுதல்.

இதற்கு முன்பே 1995இல் அமெரிக்காவில் க்ளாட் ஸ்டீல் என்ற கறுப்பின உளவியல் அறிஞரும் ஜோஷுவா ஆரன்சனும் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். இது உங்கள் அறிவுத்திறனை அளக்கிற தேர்வு என்று சொல்லிக் கொடுத்தால் கறுப்பின மாணவர்கள் வெள்ளை மாணவர்களைவிடக் குறைவாக எழுதினார்கள். அதே கேள்விகளை, இது திறனை அளப்பதற்கில்லை என்று சொல்லிக் கொடுத்தபோது அந்த இடைவெளி பெருமளவு சுருங்கிவிட்டது. இதன் அர்த்தம் என்ன? மனசு ஒரே நேரத்தில் தாங்குகிற வேலைக்கு ஒரு அளவு உண்டு. ‘நான் தப்பு பண்ணினா, இவங்க இப்படித்தான்னு சொல்லுவாங்களே’ என்று பாதி மனசு காவல் காத்துக்கொண்டிருக்கும்போது மீதிப் பாதிதான் கணக்கைப் போடுகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு முழு மனசும் கணக்குக்கே. அவன் தப்பு பண்ணினால் அது அவன் தப்பு. நம்ம பிள்ளை தப்பு பண்ணினால் அது நம்ம சேரியோட தப்பு. இந்தப் பாரத்தைச் சுமந்துகொண்டு எழுதிய மார்க்கையும், பாரமே இல்லாமல் எழுதிய மார்க்கையும் ஒரே பலகையில் ஒட்டி, இதுதான் தகுதி, இதுதான் திறமை என்கிறார்கள்.

உத்தரப்பிரதேசத்தில் சாதியைச் சத்தம் போட்டு வாசித்தார்கள். உயர்கல்வி நிறுவனங்களில் அவ்வளவு அநாகரிகம் தேவைப்படாது. ‘உன் ரேங்க் என்ன?’ என்று கேட்டால் போதும். ஐ.ஐ.டி. விடுதிகளில் முதல் வாரத்தில் கேட்கப்படுகிற இந்தக் கேள்விக்குச் சாதி கேட்பது என்றுதான் பொருள். இதை நான் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. 2023இல் மும்பை ஐ.ஐ.டி.யே, மாணவர்கள் ஒருத்தரை ஒருத்தர் நுழைவுத் தேர்வு ரேங்க் கேட்பது முறையில்லை என்று வழிகாட்டுதல் வெளியிட வேண்டிவந்தது. நம்ம ஊர்க் கல்லூரியில் ரேங்க் இல்லை. உதவித்தொகைப் பட்டியலை வகுப்பில் வாசிப்பது இருக்கு. ‘எஸ்.சி. பசங்கெல்லாம் எழுந்திருங்க, ஆபீஸ்ல கையெழுத்துப் போடணுமாம்’ என்று சொல்வது இருக்கு. அந்த நிமிஷம் எழுந்து நின்ற எத்தனை பேர் இந்த முகாமில் இருக்கீங்க? கையைத் தூக்கவேண்டாம். எனக்குத் தெரியும்.

இன்டர்னலுக்கும் வைவாவுக்கும் வருவோம். எழுத்துத் தேர்வில் பதிவெண்ணாவது இருக்கும். வைவாவில் முகம் இருக்கும், பெயர் இருக்கும், பேச்சு இருக்கும். தில்லி எய்ம்ஸ் மருத்துவக் கல்லூரியில் பாகுபாடு நடக்கிறது என்ற புகாரை விசாரிக்க 2006இல் சுகதேவ் தோரட் தலைமையில் குழு போட்டார்கள். 2007இல் அறிக்கை வந்தது. விடுதியில் நம் மாணவர்கள் தொல்லை தாங்காமல் குறிப்பிட்ட தளங்களுக்கு ஒதுங்கியதை அந்த அறிக்கை பதிவு செய்தது. சேரி மாடியேறிப் போயிருந்தது, அவ்வளவுதான். கேள்வி கேட்கப்பட்ட எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களில் மிகப் பெரும்பாலோர் செய்முறைத் தேர்விலும் வைவாவிலும் தங்களுக்கு நியாயம் கிடைக்கவில்லை என்று சொன்னார்கள். நாட்டின் முதல் மருத்துவக் கல்லூரி அது. மனசுக்கு மருந்து எழுதித்தருகிறவர்களும் அங்கேதான் படித்து வருகிறார்கள்.

இப்போ செந்தில்குமார். ரோகித் வெமுலாவை எல்லாருக்கும் தெரியும். அவருக்கு எட்டு வருஷம் முன்னால், அதே ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில், நம்ம சேலம் மாவட்டத்துப் பையன் ஒருத்தர் இயற்பியலில் பிஎச்.டி. சேர்ந்தார். பன்னியாண்டி சமூகம். பன்றி வளர்த்துப் பிழைக்கிற குடும்பம். அவருக்கு நெறியாளர் ஒதுக்கப்படவே இல்லை. கோர்ஸ்வொர்க் பாடத்தில் ஒன்றில் தேர்ச்சி இல்லை. அந்தத் தேர்ச்சியோடு உதவித்தொகையைப் பிணைத்து வைத்திருந்தார்கள். 2008 பிப்ரவரியில் அவர் இறந்துபோனார். பல்கலைக்கழகமே அமைத்த விசாரணைக் குழு, அந்தத் துறையின் விதிமுறைகளில் தெளிவும் இல்லை, ஒரே சீரும் இல்லை என்றது. துறை தங்களுக்கு எதிராக நடக்கிறது என்று எஸ்.சி., எஸ்.டி. மாணவர்கள் உணர்ந்ததையும் பதிவு செய்தது.

இந்தச் சங்கிலியைப் பாருங்க. நெறியாளர் இல்லை, அதனால் வழிகாட்ட ஆள் இல்லை. ஆள் இல்லாததால் பாடம் போகிறது. பாடம் போனால் பணம் போகிறது. பணம் போனால் மெஸ் பாக்கி, வீட்டுக்கு அனுப்ப வழியில்லை, ஊருக்குப் போக முகமில்லை. தூக்கம் போகிறது. தூக்கம் போன தலையில் படிப்பு ஏறாது. அடுத்த பாடமும் போகிறது. இதில் எந்தக் கண்ணியில் மனநலம் தொடங்குகிறது, எந்தக் கண்ணியில் நிர்வாகம் முடிகிறது? பிரிக்க முடியாது. ரோகித்துக்கும் இதே சங்கிலிதான், வேறு முனையிலிருந்து. ஏழு மாத உதவித்தொகை பாக்கி. விடுதியிலிருந்து வெளியேற்றம். அவரும் தோழர்களும் வளாகத்தில் கூடாரம் போட்டு அதற்கு ‘வெலிவாடா’ என்று பெயர் வைத்தார்கள். தெலுங்கில் சேரி என்று பொருள். பதினைந்து நாளுக்குள் அவர் இல்லை. 2016 ஜனவரி 17.

தோழர்களே, இனி சொல்லப்போவது நம்ம பக்கத்து விஷயம். இயக்கத்தில் இரண்டு விதமான பேச்சு இருக்கு. ‘இது நிறுவனக் கொலை, இதுக்கு மனநோய்னு பேர் வச்சா அரசியல் செத்துப்போகும்’ என்பது ஒன்று. ‘போராளிக்கு என்ன மனச்சோர்வு?’ என்பது இன்னொன்று. முதல் பேச்சில் பாதி உண்மை இருக்கு. இரண்டாவது பேச்சில் ஒன்றும் இல்லை.

மலம் கலந்த தண்ணியைக் குடிக்கவச்சவன் குற்றவாளி. அதுல சந்தேகமே இல்லை. அதுக்காக வாந்திபேதியில கிடக்கிற பிள்ளைக்கு மருந்து கொடுக்காம, குற்றவாளிக்கு எதிரா சுவரொட்டி மட்டும் ஒட்டினா போதுமா? சாதி மனசை நோயாக்குகிறது என்று சொல்வது அரசியல். அந்த நோய்க்கு டாக்டரிடம் போவதும் அதே அரசியல்தான். அம்பேத்கர் பள்ளிக்கூடத்தில் கரும்பலகைக்குப் பக்கத்தில் வந்ததும் மற்ற பிள்ளைகள் பின்னால் வைத்திருந்த சாப்பாட்டுப் பாத்திரங்களை ஓடிவந்து எடுத்தார்களே, அந்தக் காட்சியில் காயப்பட்டது ஒரு குழந்தையின் மனசு. அதை அவர் மறைக்கவில்லை. மறைக்காததால் அவர் சின்னவராகிவிடவில்லை.

மனச்சோர்வு எப்படி இருக்கும்? அழுதுகொண்டு வராது, அநேகமாய். இரண்டு வாரத்துக்கு மேல எதிலேயும் பிடிப்பு இருக்காது. விடிய விடியத் தூக்கம் வராது, இல்லேன்னா பகலெல்லாம் தூக்கம். சாப்பாடு இறங்காது. ஒரே பக்கத்தைப் பத்துத் தடவை படிச்சாலும் தலையில நிக்காது. எரிச்சல் வரும். குளிக்கத் தோணாது. ‘நான் ஒண்ணுத்துக்கும் லாயக்கில்ல’ என்று உள்ளே ஒரு குரல் ஓடிக்கொண்டே இருக்கும். வார்டன் இதற்கு வைத்திருக்கும் பெயர் சோம்பேறித்தனம். வாத்தியார் வைத்திருக்கும் பெயர் ‘கோட்டாவில் வந்தவன்’. வீட்டில் வைக்கும் பெயர் திமிர், சில சமயம் காத்து கருப்பு. பொம்பளைப் பிள்ளையா இருந்தா ‘கல்யாணம் பண்ணிவச்சா சரியாயிடும்’. இத்தனை பெயர் வைக்கிறவர்களில் ஒருத்தரும் அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போவதில்லை. இது மருந்தாலும் பேச்சாலும் தேறக்கூடியது. தேறியவர்கள் ஏராளம்.

இந்த இடத்தில் 13,500க்கு வருகிறேன். ஒரு பிள்ளை இறந்தால் நாம் வருகிறோம். பேனர் வருகிறது, உண்மையறியும் குழு வருகிறது, தலைவர்கள் வருகிறார்கள். வரத்தான் வேண்டும். ஆனால் சாகாமல், சத்தமில்லாமல், ஒரு சூட்கேஸை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி ஊருக்குப் போய்விட்டவனுக்கு யார் போனார்கள்? ஏழு அரியரோடு துணிக்கடையில் நிற்கிறவனுக்கு எந்த இயக்கத்தில் இடம்? தோற்றவர்களைப் பற்றிப் பேச நாம் கூச்சப்படுகிறோம். ஏன்னா ‘தகுதி இல்லை’ என்ற அவன் வசவு நம் காதில் இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கிறது. முதல் மார்க் வாங்கின பிள்ளையை மட்டும் மேடையேற்றி அவனுக்குப் பதில் சொல்லப் பார்க்கிறோம். அது பதில் ஆகாது. அவன் அளவுகோலை நாமும் கையில் எடுத்துக்கொண்டோம் என்றுதான் அர்த்தம். இறந்தவர்களை மட்டும் தியாகியாக்கிக்கொண்டே இருந்தால், தவித்துக்கொண்டிருக்கிற பிள்ளை அதிலிருந்து என்ன பாடம் எடுத்துக்கொள்ளும்? யோசிக்க வேண்டும். செத்தால்தான் நம் பேச்சு கேட்கப்படும் என்ற எண்ணத்தை எந்தப் பிள்ளைக்கும் நாம் கொடுத்துவிடக் கூடாது.

நம் முன்னோடிகளுக்கு இது தெரிந்திருந்தது. சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். அம்பேத்கரின் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை 1925இல் சோலாப்பூரில் மாணவர் விடுதி திறந்தது. சபை தொடங்கி ஒரு வருஷம்கூட முழுசா ஆகாத நேரம் அது. ஏன் விடுதி? பயமில்லாமல் தூங்க ஒரு இடம், அவமானமில்லாமல் சாப்பிட ஒரு தட்டு, நம்மைப் போல நாலு பேர் துணை. இது இருந்தால் மார்க் தானாக வரும் என்று அவர்களுக்குத் தெரியும்.

மார்க் நிலையானது இல்லை என்பதற்கு ஒரு சாட்சி. 2015இல் ரூர்க்கி ஐ.ஐ.டி. முதலாமாண்டில் மதிப்பெண் குறைவு என்று 70க்கும் மேற்பட்ட மாணவர்களை வெளியேற்றியது. பெரும்பாலோர் இட ஒதுக்கீட்டில் வந்தவர்கள். எதிர்ப்பு கிளம்பியது. சில வாரத்தில் அதே நிர்வாகம் திரும்பச் சேர்த்துக்கொண்டது. அந்தச் சில வாரத்தில் பிள்ளைகளின் மூளை மாறவில்லை. கேள்வி கேட்க ஆள் இருந்தது, அதுதான் மாறியது.

சட்டம் இல்லாமல் இல்லை. 2012இல் பல்கலைக்கழக மானியக் குழு சமவாய்ப்பு விதிகள் கொண்டுவந்தது. சமவாய்ப்பு மையம், பாகுபாட்டுக்கு எதிரான அலுவலர் எல்லாம் இருக்கணும் என்றது. அவை காகிதத்தில் இருந்ததால்தான் 2019இல் ரோகித்தின் தாய் ராதிகா வெமுலாவும், மும்பை மருத்துவ மாணவி பாயல் தட்வியின் தாய் அபேதா தட்வியும் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த இரண்டு அம்மாக்கள், ஒரு தலித், ஒரு ஆதிவாசி, நம்ம எல்லார் பிள்ளைக்காகவும் வழக்குப் போட்டார்கள். 2025 மார்ச்சில், வேறொரு வழக்கில், உச்ச நீதிமன்றம் மாணவர் மனநலத்துக்காக ஓய்வுபெற்ற நீதிபதி ரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழு அமைத்தது. குழுக்கள் வரும், போகும். நம் கையில் இருக்கிற வேலையைச் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று. உங்கள் கல்லூரியில் சமவாய்ப்பு மையம் இருக்கா, அலுவலர் யார் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். தேர்ச்சி விவரத்தையும் இடைநிற்றலையும் பிரிவு வாரியாகக் கேளுங்கள்.

இரண்டு. உதவித்தொகை தாமதத்தை மனநலப் பிரச்சினையாகவும் எழுதுங்கள். மனுவில் அந்த வார்த்தை வரட்டும்.

மூன்று. கவுன்சிலர் இருந்தால் போய்ப் பாருங்கள். அவர் ‘சாதியெல்லாம் இப்ப யாரு பாக்குறா’ என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். வேறு ஆளைத் தேடுங்கள், சிகிச்சையை மட்டும் விடாதீர்கள். 14416 என்பது மத்திய அரசின் டெலி-மானஸ் எண், இலவசம், தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104 உண்டு. தற்கொலைக்கு முயன்றால் போலீஸ் கேஸ் ஆகும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்காதீர்கள். கடும் மன அழுத்தத்தில் செய்ததாகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது, அரசு கவனித்துக்கொள்ள வேண்டும் என்பது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம்.

நான்கு. ஒரு பிள்ளை ‘எனக்கு வாழப் பிடிக்கல’ன்னு சொன்னா அறிவுரை சொல்லாதீங்க, வசனம் பேசாதீங்க. நேரா கேளுங்க, உயிரை விடணும்னு நினைக்கிறியான்னு. கேட்டா எண்ணம் வந்துடும் என்பது தப்பு. கேட்டால் பாரம் இறங்கும். அன்னைக்கு ராத்திரி தனியா விடாதீங்க. மறுநாள் நீங்களே கூட்டிட்டுப் போங்க.

ஐந்து. இது இன்றைக்கே செய்ய வேண்டியது. சாயங்காலம் பஸ் ஏறுவதற்கு முன்னால், உங்கள் கல்லூரியில் போன செமஸ்டர் பரீட்சை எழுதாமல் ஊருக்குப் போய்விட்ட நம் பிள்ளைகளின் பெயரை, ஞாபகத்தில் இருக்கிறவரை, ஒரு தாளில் எழுதுங்கள். அதை முகாம் அமைப்பாளரிடம் கொடுக்க வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை அதில் ஒரு வீட்டுக்குப் போங்கள். இயக்கத்துக்கு ஆள் சேர்க்கப் போகாதீங்க. புத்தி சொல்லவும் போகாதீங்க. ‘சாப்பிட்டியா, எப்படி இருக்கே’ன்னு கேட்டுட்டு, மார்க் ஏன் குறைஞ்சுதுன்னு அந்தப் பிள்ளை வாயாலேயே சொல்லக் கேட்டுட்டு வாங்க. அறிக்கை எழுதுற குழுக்கள் பெரும்பாலும் கேட்காமல் விட்ட சாட்சி அவன்தான்.

ஜெய்பீம்.